பேட்டரியைக் கழற்றி அனுப்பினால் ஆபத்து குறையுமா?

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் வெளிநாட்டுப் பார்சல் பதிவு செய்யும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், ஒரே மாதிரியான பெட்டியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி, இரண்டு வேட்டி, ஒரு பிரஷர் குக்கர், அவற்றுக்கு நடுவே துண்டில் சுற்றிய ஏதேனும் ஒரு மின்னணுச் சாதனம். அண்மையில் ஷார்ஜாவிலிருக்கும் மகனுக்காக ஓர் அம்மா கொண்டுவந்த பெட்டியில் அந்தத் துண்டுக்குள் மடிக்கணினி இருந்தது. அதன் பேட்டரி அதில் இல்லை. செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, குக்கருக்குள் தனியாக வைக்கப்பட்டிருந்தது. "பேட்டரி இருந்தா பிளேன்ல ஏத்தமாட்டாவன்னு சொன்னாவ மக்களே, அதான் களத்தி வச்சேன்" என்றார்.

அந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் செய்ததன் விளைவு, அவர் நினைத்ததற்கு நேர் எதிரானது. மடிக்கணினிக்குள் பொருத்தப்பட்டிருந்தவரை எளிதில் அனுப்பக்கூடியதாக இருந்த ஒரு பொருள், கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிய கணத்திலிருந்து, சாதாரணப் பார்சலில் அப்படியே சேர்க்க முடியாத பொருளாகிவிட்டது. இது ஏன் என்பதை மேசையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் விளக்க முடிவதில்லை. பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்தால்தான் விதிகளும் புரியும். அது புரியாதபோது "லித்தியம் என்றால் வெடிகுண்டு" என்று ஒரு சாராரும், "கைபேசி பேட்டரி சின்னதுதானே, துணிக்குள் வைத்தால் தெரியாது" என்று மறு சாராரும் பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லையின் இரு பக்கமும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் ஊர் இது என்பதால், இந்த இரண்டு பேச்சுகளையும் நான் தமிழிலும் மலையாளத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பேட்டரிக்குள் ஒரு சோதனைச்சாவடி

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஒற்றை அலகுக்கு செல் என்று பெயர். ஒரு செல்லோ பல செல்களோ, இணைப்புகளோடும் உறையோடும் சேர்ந்தால் அது பேட்டரி. கைபேசியில் பெரும்பாலும் ஒரே ஒரு செல் இருக்கும். மடிக்கணினியில் மூன்று, நான்கு, ஆறு என்று இருக்கும்.

ஒரு லித்தியம் அயனி செல்லைப் பிரித்தால் உள்ளே இரண்டு நீண்ட தகடுகள், பாயைச் சுருட்டியதுபோல் சுருட்டியோ மடித்தோ வைக்கப்பட்டிருக்கும். ஒன்று கிராபைட் பூசிய செம்புத் தகடு, மற்றொன்று லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவே நுண்துளைகள் கொண்ட ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். இதைப் பிரிப்பான் என்கிறோம். இவை அனைத்தும் மின்பகுளி என்ற திரவத்தில் ஊறியிருக்கும். லித்தியம் அயனிகள் நீந்திச் செல்வதற்கான ஊடகம் அது.

களியக்காவிளைக்காரருக்கு இதைச் சோதனைச்சாவடியைக் கொண்டு விளக்குவது எளிது. பிரிப்பான் ஒரு சோதனைச்சாவடி. அது லித்தியம் அயனிகளை மட்டும் நேராகக் கடக்க விடும், எலெக்ட்ரான்களை விடாது. எலெக்ட்ரான்கள் அக்கரை சேர வேண்டுமென்றால் வெளியே உள்ள கம்பி வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சுற்றுவழியில் வரும்போதுதான் அவை கைபேசியின் திரையை ஒளிர வைக்கின்றன, மடிக்கணினியை ஓட்டுகின்றன. சார்ஜ் செய்யும்போது இந்தப் போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கும்.

சாவடியைத் தவிர்க்க ஊடுவழி கிடைத்துவிட்டால் சரக்கு எந்தப் பாதையில் போகும் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேட்டரியிலும் அப்படித்தான். பிரிப்பான் எங்காவது கிழிந்தாலோ, வெளியே இரண்டு முனைகளையும் ஒரு சாவியோ நாணயமோ ஒருசேரத் தொட்டாலோ, எலெக்ட்ரான்கள் சுற்றுவழியை விட்டுவிட்டு அந்த ஊடுவழியில் ஒரே நேரத்தில் பாயும். இதற்குத்தான் குறுக்குச்சுற்று என்று பெயர். பேச்சு வழக்கில் ஷார்ட் ஆவது. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக வேண்டிய ஆற்றல், சில நொடிகளில் ஒரே புள்ளியில் வெப்பமாக வெளிப்படும். குக்கருக்குள் செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்ட பேட்டரியைப் பார்த்து நான் முகம் சுளித்ததற்குக் காரணம் இதுதான்: உலோகப் பாத்திரம், மூடப்படாத முனைகள், இரண்டுக்கும் நடுவே ஒரு தாள்.

ஈர வைக்கோல் படப்பு

குறுக்குச்சுற்று எந்தப் பேட்டரியிலும் ஏற்படலாம். டார்ச் விளக்கின் சாதாரண செல்லிலும் ஏற்படும். அது சூடாகும், வீணாகும், அவ்வளவுதான். லித்தியம் அயனி செல்லில் மட்டும் ஏன் தீ?

ஈயப் பேட்டரியில் மின்பகுளி என்பது நீர் கலந்த அமிலம். அதன் ஒரு செல் தருவது ஏறத்தாழ 2 வோல்ட். லித்தியம் அயனி செல் தருவதோ சராசரியாக 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் பெரும்பாலும் 4.2 வரை. இந்த மின்னழுத்தத்தில் நீர் தாங்காது. ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆகவே நீருக்குப் பதிலாக கரிமக் கரைப்பான்களைப் பயன்படுத்தியாக வேண்டும். கரிமக் கரைப்பான்களோ எரியக்கூடியவை. கையடக்கமான பேட்டரியில் நாள் முழுவதற்குமான மின்சாரம் கிடைக்கிறது என்ற நன்மையும், அதற்குள் எரியும் திரவம் இருக்கிறது என்ற தீமையும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

நாஞ்சில் நாட்டில் அறுவடைக்குப் பின் வைக்கோலை ஈரத்தோடு படப்பு போடக் கூடாது என்பார்கள். ஈர வைக்கோல் உள்ளுக்குள் புழுங்கும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் மேலும் சூட்டைக் கிளப்பும். வெளியே யாரும் தீ வைக்காமலேயே நடுவிலிருந்து புகை வரும். செல்லுக்குள் நடப்பதும் இதே வகைதான். வெப்பம் ஓர் அளவைத் தாண்டியதும் உள்ளே உள்ள வேதிப்பொருள்கள் சிதையத் தொடங்கும். சிதையும்போது அவை மேலும் வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பம் அடுத்த சிதைவைத் தூண்டும். ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் பிரிப்பான் உருகுகிறது. அதற்கும் மேலே போனால் உலோக ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனை வெளியிடத் தொடங்குகிறது. தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சங்கிலியை வெப்ப மிகையோட்டம் என்று சொல்லலாம். ஒரு செல்லில் இது தொடங்கினால் அருகிலுள்ள செல் சூடாகி அதிலும் தொடங்கும். ஒரு வீட்டு ஓலைக்கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவுவதுபோல.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், லித்தியம் அயனி பேட்டரியில் அதிக ஆற்றலும் எரியும் திரவமும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. இரண்டையும் கட்டுக்குள் வைத்திருப்பது ஒரு மெல்லிய படலம். அது தோற்றால், வெப்பச் சங்கிலி தொடர வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை.

எம்ஏஎச் என்ற எண்ணை நம்பி ஏமாறுதல்

"இது 20,000 பவர் பேங்க், இதை அனுப்பலாமா?" என்று கேட்பார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. எம்ஏஎச் என்று அச்சிட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. தரையிலுள்ள தொட்டியில் ஆயிரம் லிட்டர் நீர் இருப்பதும், மூன்றாம் மாடித் தொட்டியில் ஆயிரம் லிட்டர் இருப்பதும் ஒன்றில்லை அல்லவா? நீரின் அளவையும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு வேலை செய்யும் என்று தெரியும். பேட்டரியில் அந்த உயரம்தான் வோல்ட்.

இரண்டையும் பெருக்கி வருவது வாட்-மணி. உலகெங்கும் விமானப் போக்குவரத்து விதிகள் லித்தியம் அயனி பேட்டரியை இந்த அளவையால்தான் எடை போடுகின்றன. கணக்கு எளிது: எம்ஏஎச் எண்ணை 1000 ஆல் வகுத்து, வோல்ட்டால் பெருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில், செல்லின் 3.7 வோல்ட்டைக் கொண்டு பெருக்கினால் 74 வாட்-மணி. இங்கே பலர் செய்யும் தவறு, யுஎஸ்பி வழியாக வெளிவரும் 5 வோல்ட்டைக் கொண்டு பெருக்கிவிடுவது; அப்படிச் செய்தால் 100 என்று வந்து, தேவையில்லாத அச்சம் பிறக்கும். பவர் பேங்கின் மேல் அச்சிடப்படும் எம்ஏஎச், உள்ளே உள்ள செல்லுக்கு உரியது. ஆகவே செல்லின் வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும்.

74 வாட்-மணி என்பது எவ்வளவு? ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரை 90 டிகிரிக்கு மேல் சூடாக்கப் போதுமான ஆற்றல். 5000 எம்ஏஎச் கைபேசியில் இருப்பது ஏறத்தாழ 19 வாட்-மணி. ஒரு டம்ளர் கட்டன் சாயாவுக்கு வெந்நீர் வைக்கலாம். மின்சாரமாகச் சேமிக்கப்பட்ட ஆற்றல் மட்டுமே இது. மின்பகுளி எரிவதால் வரும் வெப்பம் தனி. மின்சார சைக்கிளுக்குரிய 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி இருக்கிறது. "அதுவும் பேட்டரிதானே, பையன் அங்கே சைக்கிளில் மாட்டிக்கொள்வான்" என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

நினைவில் கொள்ள வேண்டிய எல்லைகள் இரண்டு: செல்லுக்கு 20 வாட்-மணி, பேட்டரிக்கு 100 வாட்-மணி. இவற்றுக்கு உட்பட்டவற்றுக்குச் சலுகைகள் உண்டு. இவற்றைத் தாண்டியவை, சாதனத்துக்குள்ளேயே இருந்தாலும், முழுமையான ஆபத்துச் சரக்காகக் கருதப்படும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் பொதிந்து, உரிய ஆவணத்தோடு ஒப்படைக்க வேண்டும்.

லாரி ஒதுங்கலாம், விமானம் ஒதுங்க முடியாது

ஆரல்வாய்மொழி சாலையில் லாரியிலிருந்து புகை வந்தால் ஓட்டுநர் ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடலாம். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் செல்லும் விமானம் வழியின் பெரும்பகுதியை அரபிக்கடலுக்கு மேலேயே கடக்கிறது. அடிவயிற்றிலுள்ள சரக்கு அறையில் தீப்பிடித்தால் அங்கே யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. பயணிகள் விமானங்களின் அந்த அறையில் தீயணைக்க ஹாலான் என்ற வாயு பயன்படுகிறது. துணியோ தாளோ எரிந்தால் சுடரை அது அடக்கிவிடும். ஆனால் செல்லுக்குள் ஓடும் வெப்பச் சங்கிலியை அதனால் நிறுத்த முடியாது. ஏனெனில் சிக்கல் சுடரில் இல்லை, உள்ளிருந்து பெருகும் வெப்பத்தில் இருக்கிறது. அதற்கு வேண்டியது குளிர்விப்பு. எளிய மொழியில் சொன்னால், நிறைய தண்ணீர்.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது என்ற விதி பலருக்கு விசித்திரமாகப் படுகிறது. ஆபத்தான பொருள் என்றால் மனிதர்களை விட்டு விலக்கி வைப்பதுதானே முறை என்று கேட்கிறார்கள். இங்கே கணக்கு வேறு. பயணிகள் பகுதியில் புகை வந்தால் உடனே ஒருவர் பார்ப்பார். பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். அடியில் வந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும்வரை யாருக்கும் தெரியாது. 2025 சனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படக் காத்திருந்தபோது, தலைக்கு மேலுள்ள பெட்டகத்தில் தீப்பிடித்து விமானமே எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் அனைவரும் உயிர் தப்பினர். பவர் பேங்கின் உட்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் தெரிவித்தனர். அதன் பிறகு பல நிறுவனங்கள் பவர் பேங்கைத் தலைக்கு மேல் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கச் சொல்கின்றன. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு 100 வாட்-மணிக்கு உட்பட்ட ஒரு பவர் பேங்க் மட்டுமே என்றும், விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதித்தது.

சரக்கு விமானத்தின் கதை இன்னும் துயரமானது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்ட யுபிஎஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தில், புறப்பட்ட சிறிது நேரத்தில் தீப்பிடித்தது. விமானி அறை முழுவதும் புகை. துபாய்க்கே திரும்ப முயன்ற விமானம் தரையில் மோதியது. விமானிகள் இருவரும் இறந்தனர். சுமையில் பெருமளவு லித்தியம் பேட்டரிகள் இருந்தன. ஆபத்துச் சரக்கு என்று அறிவித்திருக்க வேண்டிய சில சுமைகள் அவ்வாறு அறிவிக்கப்படவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது. "எதற்கு இத்தனை கேள்வி கேட்கிறீர்கள்?" என்று மேசைக்கு முன்னால் நின்று எரிச்சல்படுபவர்களிடம் நான் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் சென்று இறங்கும் நகரத்தில் நடந்தது என்பதால் அது காதில் ஏறுகிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐசிஏஓ, 2016 ஏப்ரல் 1 முதல் இரண்டு கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. சரக்கு விமானத்தில் ஏற்றினாலும் அவற்றின் சார்ஜ் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சார்ஜ் குறைவாக இருந்தால் வெப்ப மிகையோட்டம் தொடங்குவது கடினம், தொடங்கினாலும் அடுத்த செல்லுக்குத் தாவுவது அரிது. அப்படியானால் முழுவதுமாகத் தீர்த்துவிட்டு அனுப்பலாமே என்று தோன்றும். அடியோடு தீர்ந்துபோன செல்லை நெடுநாள் அப்படியே விட்டால் உள்ளே செம்பு கரையத் தொடங்கிச் செல் கெடும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அதுவே ஆபத்தாகும். ஆகவே கொஞ்சம் மிச்சம் வைப்பதுதான் சரி.

தனியாக, கூடவே, உள்ளே

இப்போது அந்த அம்மாவின் மடிக்கணினிக்கு வருவோம். ஆபத்துச் சரக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பட்டியலில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. அதை யுஎன் எண் என்பார்கள். லித்தியம் அயனி பேட்டரி தனியாகப் போனால் யுஎன் 3480. சாதனத்தோடு போனால் யுஎன் 3481. இந்த இரண்டாவது எண்ணுக்குள் மேலும் ஒரு பிரிவு: பேட்டரி சாதனத்தின் உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பது, சாதனத்தின் கூடவே அதே பெட்டியில் பொதியப்பட்டிருப்பது.

ஒரே பேட்டரி, ஒரே வாட்-மணி. இருக்கும் இடம் மட்டும் மாறுகிறது. ஏன் இத்தனை வேறுபாடு? உள்ளே பொருத்தப்பட்ட பேட்டரிக்குச் சாதனமே கவசம். முனைகள் மூடியிருக்கின்றன, அடி விழுந்தால் முதலில் சாதனத்தின் கூடு வாங்கிக்கொள்கிறது, மிகையான மின்னோட்டத்தைத் தடுக்கும் சுற்று இணைந்திருக்கிறது, ஒரு பெட்டிக்குள் பத்துப் பேட்டரிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கப்பட்டிருக்காது. கழற்றிய பேட்டரிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. தேங்காயை மட்டையோடு அனுப்புவதற்கும் உரித்து அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றில் மிக எளிதானது உள்ளே இருப்பது. பொதுமக்கள் அனுப்பும் கைபேசி, மடிக்கணினி, கேமரா போன்றவை இந்த வகையில் வரும்போது, 100 வாட்-மணிக்கு உட்பட்டிருந்தால், நிறுவனம் ஏற்கும் வரம்புக்குள் செல்லும்; தற்செயலாக இயங்கிவிடாதபடி அணைத்து, உறுதியான பெட்டியில் வைக்க வேண்டும். அந்த அம்மாவின் பெட்டியில் இருந்ததுபோல் கூடவே இருப்பது சற்றுக் கடினம்: பேட்டரியின் முனைகளை மூடித் தனி உறைக்குள் இட வேண்டும், பொதி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும். 2026 சனவரி 1 முதல், 2.7 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரி சாதனத்தின் கூடவே விமானத்தில் அனுப்பப்பட்டால், அதற்கும் 30 விழுக்காடு சார்ஜ் வரம்பு கட்டாயம். தனியாக இருப்பது பயணிகள் விமானத்துக்கு முழுத் தடை என்பதை மேலே பார்த்தோம்.

பவர் பேங்க் எந்த வகை? இதில்தான் அதிகமானோர் வழுக்குகிறார்கள். பெட்டி, விளக்கு, பொத்தான் எல்லாம் இருப்பதால் அது ஒரு சாதனம் என்று வாதிடுவார்கள். ஆனால் அது செய்யும் ஒரே வேலை மற்றொன்றுக்கு மின்சாரம் கொடுப்பதுதான்; ஆகவே விதிகளின் கண்ணில் அது தனிப் பேட்டரி, யுஎன் 3480. புத்தம்புதிதாக, பெட்டி பிரிக்காமல், பில்லோடு கொண்டுவந்தாலும் அதுவே. அஞ்சல் வழியாக அனுப்பலாம் என்ற யோசனையும் உதவாது. உலக அஞ்சல் ஒன்றிய விதிகளில் தனி லித்தியம் பேட்டரிக்கு இடமில்லை, சாதனத்துக்குள் பொருத்தியிருந்தால் மட்டும், அதுவும் நான்கு செல் அல்லது இரண்டு பேட்டரி வரை, அனுமதி பெற்ற அஞ்சல் துறைகள் ஏற்கலாம்.

பெட்டியின் மேல் சிவப்புக் கோடுகள் வரிசையாக ஓடும் ஓரத்தோடு, பேட்டரிகளும் தீயும் வரையப்பட்ட ஒரு சதுர ஒட்டியைப் பார்த்திருக்கலாம். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது என்று சுமைதூக்குபவருக்கும் ஏற்றுபவருக்கும் சொல்வதற்கான குறி அது. சிறிய எண்ணிக்கையில் சாதனத்துக்குள் பொருத்தியிருந்தால் அந்த ஒட்டி தேவைப்படாத சந்தர்ப்பங்கள் உண்டு. ஒட்டி தேவையில்லை என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று புரிந்துகொள்ளக் கூடாது. படிவத்தில் எழுதியாக வேண்டும். மேலும், பொது விதி அனுமதிக்கும் ஒன்றை ஒரு நிறுவனமோ சேரும் நாடோ மறுக்கலாம். அவர்கள் விதியைவிடக் கடுமையாக இருக்கலாம், தளர்வாக இருக்க முடியாது.

ஆக, பேட்டரி எத்தனை வாட்-மணி, எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பெரும்பாலான பார்சல்களின் தலைவிதி தெரிந்துவிடும். மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு; அதற்குப் பின்னர் வருகிறேன்.

லித்தியம் உலோகம் என்ற பங்காளி

கைக்கடிகாரம், கார் சாவி ரிமோட், எடை பார்க்கும் கருவி ஆகியவற்றிலுள்ள நாணய வடிவச் செல்களில் பல, லித்தியம் அயனி வகை இல்லை. லித்தியம் உலோக வகை. அவற்றை மறுபடி சார்ஜ் செய்ய முடியாது. இவற்றை வாட்-மணியால் அளக்காமல், உள்ளே எத்தனை கிராம் லித்தியம் இருக்கிறது என்று அளக்கிறார்கள்: செல்லுக்கு 1 கிராம், பேட்டரிக்கு 2 கிராம் என்பது எல்லை. எண்களும் வேறு: தனியாக யுஎன் 3090, சாதனத்தோடு யுஎன் 3091. கடிகாரத்துக்குள் இருக்கும் பொத்தான் செல்லைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். சாதாரண அல்கலைன் செல்களில் லித்தியம் கிடையாது.

சான்றிதழ் என்றால் எது?

கடைவீதியில் புதிதாக ஏற்றுமதி தொடங்குபவர்களிடம், மின்விசிறி பொருத்திய தொப்பியோ பொம்மையோ அனுப்பும்போது, "எம்எஸ்டிஎஸ் இருக்கிறதா?" என்று கேட்கப்படும். அது பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாள். உள்ளே என்ன வேதிப்பொருள், பட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லும். பேட்டரி சோதிக்கப்பட்டதா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது யுஎன் 38.3 என்று வழங்கும் சோதனைத் தொகுதியின் சுருக்க அறிக்கை. 2020 சனவரி 1 முதல் தயாரிப்பாளர்கள் இதைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

அந்தச் சோதனைகள் ஒரு பயணத்தின் துன்பங்களை ஆய்வகத்தில் நடித்துக் காட்டுபவை. மிக உயரத்தில் இருக்கும் அளவுக்குக் காற்றழுத்தத்தைக் குறைத்து ஆறு மணி நேரம் வைப்பார்கள். 72 டிகிரிக்கும் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரிக்கும் இடையே பத்து முறை மாற்றி மாற்றிப் போடுவார்கள். மூன்று திசைகளில் மும்மூன்று மணி நேரம் அதிர வைப்பார்கள். வேண்டுமென்றே குறுக்குச்சுற்று ஏற்படுத்துவார்கள். சில வகைச் செல்களின் குறுக்கே ஒரு கம்பியை வைத்து, அதன்மேல் 9.1 கிலோ எடையைப் போடுவார்கள். இத்தனைக்கும் தீப்பிடிக்காமல் இருந்தால் தேர்ச்சி. விலை மலிவு என்று பெயர் தெரியாத ஒரு பேட்டரியை வாங்கும்போது, பெரும்பாலும் இந்தச் சோதனைகளைத்தான் மிச்சப்படுத்துகிறோம்.

மேசைமேல் சுழன்ற கைபேசி

மூன்றாவது கேள்வி: பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது?

இதை நான் கற்றது என் தவறிலிருந்து. பழுது பார்க்க வெளிநாட்டிலுள்ள அண்ணனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவர் பழைய கைபேசி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே பொருத்திய பேட்டரி, 15 வாட்-மணிக்கும் குறைவு. எல்லாம் சரி என்று பதிவு செய்துவிட்டேன். நான்காம் நாள் பெட்டி திரும்பி வந்தது. அவிழ்த்து, கைபேசியை மேசைமேல் மல்லாக்க வைத்தபோது அது சமமாகப் படுக்கவில்லை. விரலால் ஓரத்தைத் தட்டியதும் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு பம்பரம்போல் மெதுவாகச் சுழன்றது. பின்மூடி நடுவில் பப்படம்போல் எழும்பியிருந்தது. ஓரத்தில் திரைக்கும் கூட்டுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. மூக்கருகே கொண்டுபோனபோது நகப்பூச்சு போன்ற இனிப்பு வாடை.

மின்பகுளி சிதைந்து வாயுவாகிப் பேட்டரியை உப்ப வைத்திருக்கிறது என்பதன் அடையாளங்கள் இவை. அந்த வாடை எரியக்கூடிய கரைப்பானின் வாடை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தது என் இரண்டாவது தவறு. உப்பிய, நசுங்கிய, நனைந்த, அல்லது கோளாறு காரணமாகத் தயாரிப்பாளர் திரும்பப் பெறும் பேட்டரிகளை விமானத்தில் அனுப்பவே கூடாது. எத்தனை சிறியது, எங்கே இருக்கிறது என்ற சலுகைகள் எதுவும் அவற்றுக்குச் செல்லாது. பழைய குப்பையோடும் அதைப் போடக் கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். அதுவரை எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில், மணல் நிரப்பிய பழைய மண்சட்டியில் வைத்திருப்பது நல்லது. நான் அப்படித்தான் வைத்தேன்.

கையோடு கொண்டுபோகும்போது

பயணிக்கு உரிய விதி சரக்கின் விதியைவிடத் தாராளமானது; பேட்டரி அவர் கண்காணிப்பில் இருக்கிறது என்பதே காரணம். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, உபரிப் பேட்டரி என்றால் இரண்டு மட்டும். 160 ஐத் தாண்டினால் பொதுவாகப் பயணி கொண்டுபோக முடியாது. உபரிப் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டுமே. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இட வேண்டும். மடிக்கணினியை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க நேர்ந்தால் உறக்க நிலையில் விடாமல் முழுவதுமாக அணைக்க வேண்டும்.

கப்பலில் போனால் விதி இல்லையா?

கப்பல் சரக்குக்கும் இதே யுஎன் எண்கள்தான். கடல்வழிக்கென்று சர்வதேசக் கடல்சார் ஆபத்துச் சரக்குக் குறியீடு தனியாக உண்டு. தனிப் பேட்டரிகளை அதன்படி முறையாகப் பொதிந்து அறிவித்து அனுப்பலாம் என்பதால், பெரிய பேட்டரிகளுக்கு அதுவே நடைமுறை வழி. 2025 மே 25 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கடற்கரை வரை ஒதுங்கியபோது, எந்தக் கொள்கலனில் என்ன இருந்தது என்ற பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் தேடினார்கள். அதில் பேட்டரி பிரச்சினை எழவில்லை; நீர் பட்டால் எரியும் வாயுவைத் தரும் கால்சியம் கார்பைடு பன்னிரண்டு கொள்கலன்களில் இருந்தது. உள்ளே இருப்பதை இப்படிப் பட்டியலில் எழுதியிருந்தால்தான், எதை நெருங்கக் கூடாது என்று மீனவர்களை எச்சரிக்க முடியும்.

ஷார்ஜாவுக்குப் போக வேண்டிய மடிக்கணினியை, கழற்றிய அதே கடைக்கு அனுப்பிப் பேட்டரியை மீண்டும் பொருத்தச் சொன்னோம். மூடுவதற்கு முன் அதன் முதுகிலிருந்த எண்களைக் கடைப்பையன் படம் எடுத்துக் காட்டினான்: 11.4 வோல்ட், 41 வாட்-மணி. திருகுகளை முடுக்கி, இயக்கிப் பார்த்து, சார்ஜ் கால்வாசிக்கு இறங்கும்வரை ஓடவிட்டு, முழுவதுமாக அணைத்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். பொருள் விவரம் எழுதும் இடத்தில் "பரிசுப் பொருள்" என்று போடலாமா என்று அந்த அம்மா கேட்டார். நான் எழுதியது: பயன்படுத்திய மடிக்கணினி ஒன்று, லித்தியம் அயனி பேட்டரி உள்ளே பொருத்தப்பட்டது, 41 வாட்-மணி. குக்கரை அதன் பக்கத்திலிருந்து எடுத்து, வேட்டிகளுக்கு மறுபுறம் வைத்தேன்.